நத்தை நடந்து பார்த்த இலை

கோரைக்குளத்து நத்தை ஈரிக்கு நடந்த அநியாயம் இதுதான். ஒரு செடியின் இலையை அவள் சரியாகப் பார்த்தாள். பார்த்ததைச் சபையில் சொன்னாள். சொன்ன குற்றத்துக்காக அவளைக் குளத்திலிருந்து தூக்கி, பொட்டு ஈரம் இல்லாத மொட்டைப் பாறையில் போட்டார்கள். அவள் சொன்னது பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க வேண்டுமே என்று யாருக்கும் தோன்றவும் இல்லை!

எப்படி என்று கேளுங்கள்.

காட்டுக்கு நடுவே கோரைக்குளம். அதன் மேற்குக் கரை முழுக்க மஞ்சள் கரிசலாங்கண்ணி படர்ந்திருந்தது. ஒடுங்கி நீண்ட இலை. தடவினால் சொரசொரக்கும். காம்பின் உச்சியில் சின்னதாக ஒரு மஞ்சள் பூ. பெரிய அழகு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வயிற்றில் குட்டி இருக்கும் மான்களுக்கு அந்தக் கீரைதான் உயிர். எதைத் தின்றாலும் குமட்டிக்கொண்டு வரும் மாதங்களில் அது ஒன்றுதான் உள்ளே தங்கும்.

புள்ளிமான் மருளிக்கு அது முதல் குட்டி. காலையும் மாலையும் கரைக்கு வந்துவிடுவாள். அவள் மேய்கிற இடத்தில்தான் ஈரியும் குடியிருந்தாள்.

“ஈரிக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ! கீரையோட சேர்த்து உன்னையும் மென்னுடப் போறேன்!”

“மென்னு பாரேன்! பல்லு ரெண்டு உதிர்ந்துச்சுன்னா உன் குட்டியே உன்னைக் கிழவின்னு கூப்பிடும்!”

“போக்கா! அது இப்பவே உதைக்குது. உனக்கும் சேர்த்து ரெண்டு வாங்கித் தரவா?”

அவர்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

ஈரிக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. வெளிச்சம் எது, நிழல் எது என்பதோடு சரி. மஞ்சள், சிவப்பு எல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டதுதான். அதனால் ஒரு செடியைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே வழி. இலைக் காம்பில் கிளம்புவாள். விளிம்பை ஒட்டியே நுனி வரைக்கும் ஏறுவாள். மறுபக்கமாக இறங்கி மறுபடி காம்புக்கு வந்து சேருவாள். மான் அரைக் கண்ணால் பார்த்து முடிக்கிற காரியம் அவளுக்கு அரைப் பொழுது பிடிக்கும். ஆனால் ஒரு முறை சுற்றிவிட்டால் அந்த இலையை அவள் மறக்கவே மாட்டாள்.

மார்கழி மழை விட்டிருந்தது. ஒருநாள் காலை அவள் ஓர் இலையில் ஏறினாள். விளிம்பு வழக்கம்போல் நேராகப் போயிற்று. பாதி வழியில் திடீரென்று பக்கவாட்டில் புடைத்தது. ஒரு முனை! பிறகு உள்ளே வாங்கி, மறுபடி நீண்டு, உச்சியில் இன்னொரு முனை. இறங்கும் வழியில் மூன்றாவது. அடியில் சொரசொரப்பும் இல்லை. தடித்து, கொழகொழவென்று, வழுக்கியது.

‘இதென்ன, நம்ம இலையில் இப்படித் திருப்பம் கிடையாதே!’

பக்கத்து இலைக்குப் போனாள். மூன்று முனை. அதற்கடுத்ததற்குப் போனாள். மூன்று முனை. பூவின் மேலும் ஏறிப் பார்த்தாள். இதழிலிருந்து இதழுக்குப் போய்ச் சேர வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. நம் பூவைப் போலத்தான் இருந்தது. ஆனால் அகலம் கூடுதல்.

அன்று மாலை மருளி வந்து தலையைக் குனிந்ததும் ஈரி கத்தினாள்.

“நில்லு, நில்லு! அதைத் தின்னாதே!”

“ஏன்க்கா? பூ மஞ்சளாத்தானே இருக்கு?”

“பூ கிடக்கட்டும். இலையைப் பாரு. மூணு முனை. இது நம்ம கீரை இல்லை. வேற எங்கிருந்தோ வந்தது.”

“வெளியூர்ச் செடின்னா தின்னக் கூடாதா? நானே பக்கத்துக் காட்டிலிருந்து வந்தவதானே?”

“அடிப் பைத்தியமே! வெளியூர்லேருந்து வந்தது தப்புன்னு நான் சொல்லலை. வரட்டும், தாராளமா வரட்டும்! ஆனா அது என்னன்னு தெரியாம, நம்ம கீரை பேரைச் சொல்லிக்கிட்டு உன் வயித்துக்குள்ள போகுதே, அதுதான் எனக்குப் பயம். நல்லதா கெட்டதான்னு தெரியற வரைக்கும் வாயை வைக்காதே.”

மருளி அந்தக் கொடியைப் பார்த்தாள். பளபளவென்று கொழுத்து நின்றது. பழைய கீரை அதன் அடியில் அங்கங்கே மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தது. அதைத் தேடி எடுத்துத் தின்ன வேண்டுமானால் பாதி நாள் போய்விடும்.

“பசிக்குதுக்கா,” என்றாள் மருளி. “சபையில கேட்டுடுவோமே. தோகையன் ஐயா என்ன சொல்றாரோ அப்படி.”

“சரி. நானே போய்க் கேக்கறேன். அதுவரைக்கும் அடியில இருக்கிற பழசை மட்டும் தேடித் தின்னு. சத்தியம்?”

“சத்தியம்.”

சபை கூடும் தட்டைக்கல் குளத்தின் மறுமுனையில் இருந்தது. மருளி நாலு தாவலில் போய்விடுவாள். ஈரிக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் மேற்குக் கரையில் கொடியும் படர்ந்துகொண்டே இருந்தது. கணுவுக்குக் கணு வேர் விட்டு, ஒரு நாளும் நிற்காமல். அவள் ஓய்வெடுத்த நேரத்தில்கூட அது ஓய்வெடுக்கவில்லை.

தட்டைக்கல்லின் மேல் தோகையன் உட்கார்ந்திருந்தான். மயில், சபைக்குத் தலைவன். எந்தச் செடி யாருடையது, எதை மேயலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்வது அவன் வேலை. ஆடுவதும் அந்தக் கல்லில்தான். அவனுக்குப் பக்கத்தில் தொங்கன் என்ற கருமந்தி. சட்டம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

“கீழே என்னமோ ஊருதே?” என்றான் தோகையன்.

“மேற்குக் கரை நத்தை, தலைவரே! ஒரு விஷயம் சொல்லணும்.”

“நீயா! எப்போ கிளம்பினே?”

“முந்தாநாள் காலையில.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை ஈரி காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் புதிதல்ல.

“மேற்குக் கரையில ஒரு புதுச் செடி வந்திருக்கு. பூ நம்ம கரிசலாங்கண்ணி மாதிரியே இருக்கு. ஆனா இலை வேற. நம்மதுல ஒரே முனை, அதுல மூணு…”

“இலையா?” தொங்கன் துள்ளிக் குதித்தான். “சபையில இலைப் பேச்சா? சட்டம் தெரியுமா உனக்கு?”

அந்தச் சட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எத்தனையோ காலத்துக்கு முன்னால் ஒரு வழக்கில் சாட்சிப் பொருளாக ஓர் இலைக் கொத்தைக் கொண்டுவந்து வைத்தார்களாம். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கடமான் அதைத் தின்று முடித்து ஏப்பமும் விட்டதாம். அன்றைக்குப் போட்டார்கள் சட்டம்: சபைக்கு இலையைக் கொண்டுவரக் கூடாது; செடியைப் பூவை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பூவைத் தின்றால் மட்டும் தலைவர் கொத்துவார், அதனால் பூ பத்திரம். ஆக, கடமானின் வாயைக் கட்ட முடியாதவர்கள் இலையின் வாயைக் கட்டிவிட்டார்கள். கேட்டால் இதற்குப் பெயர் ஒழுங்கு!

“யாராவது போய்ப் பூவைப் பார்த்துட்டு வாங்க!” என்றான் தோகையன்.

ஒரு தேனீ பறந்து போய்ப் பூவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“மஞ்சள்தான் ஐயா. தேனும் இருக்கு. அப்புறம் என்ன?”

“அளவு?”

“கொஞ்சம் பெரிசு.”

“பாத்தீங்களா!” தோகையன் கழுத்தை நிமிர்த்தினான். “நம்ம பூதான்! இந்த வருஷம் மழை நல்லா பேஞ்சிருக்கு, கொழுத்திருக்கு. இதுல என்ன சந்தேகம்?”

“கொழுத்தா பெரிசாகும் தலைவரே, மூணு முனை முளைக்குமா?” என்றாள் ஈரி. “மழை பெய்ஞ்சதுன்னு உங்களுக்கு மூணு கால் வந்துச்சா?”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். தோகையன் முகம் மாறியது.

“உனக்குப் பூ கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“மஞ்சள்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“பூவே தெரியாதவளுக்குச் செடியைப் பத்தி என்ன பேச்சு?”

“எனக்குப் பூ தெரியாது, ஒத்துக்கறேன். உங்களுக்கு இலை தெரியாது, அதை நீங்க ஒத்துக்குங்க! ரெண்டையும் சேர்த்து வெச்சாத்தானே ஒரு செடி? இலையை இங்கே கொண்டுவரக் கூடாதுன்னா சரி, நீங்க அங்கே வாங்க. இதோ, நாலு தாவல்.”

“சபை எழுந்து நடக்காது!” என்றான் தொங்கன்.

“ஏன்? கால் இல்லையா?”

பதில் இல்லாதவர்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். வழக்கைத் திருப்பி அவள் மேலேயே போட்டார்கள்.

“இந்த நத்தை தினமும் கீரையை ஓட்டை ஓட்டையா அரிக்கிறவதானே?” தொங்கன் சபையைப் பார்த்துக் கேட்டான். “மான்களை விரட்டிட்டா கரை முழுக்க யாருக்கு? யோசிச்சுப் பாருங்க!”

சபை யோசித்தது. அதாவது, தொங்கன் யோசித்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டது.

“தினமும் அங்கே மேயறவ மருளி. அவளைக் கேப்போம்,” என்றான் தோகையன். “சொல்லும்மா. நீ அந்தப் புதுத் தழையைத் தின்னியா?”

மருளி முன்னால் வந்தாள். ஈரிக்கு அந்தக் குளம்புச் சத்தம் தெரியும். கொம்பு போன்ற இரண்டு கண்காம்பையும் அந்தப் பக்கம் நீட்டினாள்.

“தின்னேன்,” என்றாள் மருளி மெதுவாக. “முந்தாநாள்லேருந்து.”

ஈரியின் ஒரு கண்காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது.

“ருசியில வித்தியாசம் இருந்துச்சா?”

மருளி சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். வித்தியாசம் என்று சொன்னால் கரையை அடைத்துவிடுவார்கள். அடைத்துவிட்டால் இத்தனை பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு எங்கே போவது?

“கொஞ்சம் கொழகொழன்னு… இல்லை ஐயா. நம்மதுதான்னு நினைக்கிறேன்.”

இரண்டாவது கண்காம்பும் உள்ளே போய்விட்டது.

தீர்ப்பு வர அதிக நேரம் ஆகவில்லை. சொந்தச் செடியை வெளியூர்ச் செடி என்று பழி சொன்னது ஒரு குற்றம். சபைக்குள் இலைப் பேச்சை எடுத்தது இன்னொரு குற்றம். தலைவரின் காலைப் பற்றிப் பேசியது எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம்! தெற்கே இருக்கும் மொட்டைப் பாறையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். கரியன் என்ற காகத்திடம் வேலையைக் கொடுத்தார்கள்.

கரியன் அவளை ஓட்டோடு கவ்விக்கொண்டு பறந்தான். பாறையில் இறக்கி வைத்தபின் அலகைத் துடைத்துக்கொண்டான்.

“உன்னைத் தின்னக் கூடாதுன்னு உத்தரவு. இல்லைன்னா ஒரே கொத்து.”

“ரொம்ப உபகாரம்,” என்றாள் ஈரி.

“ஒண்ணு சொல்லவா? நீ சொன்னது சரிதான். அது வெளியிலேருந்து வந்த செடிதான். காட்டு எல்லையில ஒரு பங்களா இருக்குல்ல? அங்கே தோட்டத்துல கத்தரிச்சு, வேலிக்கு வெளியே குவிச்சுப் போடுவாங்க. அதுலேருந்து ஒரு துண்டைத் தோகையன் கொத்திக்கிட்டு வந்தான். தான் ஆடற கல்லைச் சுத்தி மஞ்சளா ஓரம் கட்டணுமாம். வர்ற வழியில மேற்குக் கரையில தண்ணி குடிக்க இறங்கினான், பாதி அங்கேயே விழுந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்.”

ஈரிக்கு ஓடே அதிர்ந்தது.

“பார்த்தியா? அப்போ சபையில ஏன் சொல்லலை?”

“என்னை யாரும் கேக்கலையே!” என்று சொல்லிவிட்டுக் கரியன் பறந்தான்.

மொட்டைப் பாறையில் நிழல் இல்லை. பாசி இல்லை. காலை வெயிலிலேயே கல் கொதித்தது. ஈரி ஒரு பிளவைத் தேடி ஊர்ந்தாள். ஊர்ந்த தடம் அவளுக்குப் பின்னாலேயே காய்ந்தது. பிளவுக்குள் புகுந்து, உடம்பில் மிச்சமிருந்த ஈரத்தையெல்லாம் திரட்டி, ஓட்டின் வாயில் மெல்லிசாக ஒரு மூடி கட்டி அடைத்துக்கொண்டாள். நத்தைகள் கோடையைத் தாண்டுவது அப்படித்தான். உள்ளே இருந்தபடி அவள் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். ‘மருளி அதைத் தின்னாம இருக்கணும்.’ பிறகு அந்த நினைப்பும் காய்ந்து அடங்கியது.

மாசி போயிற்று. சித்திரை, ஆடி எல்லாம் போயின. மூடி திறக்கவே இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிளவில் தண்ணீர் இறங்கி ஓட்டைத் தொட்டதும் மூடி இளகியது. ஈரி தலையை நீட்டினாள். உடம்பு பாதியாகச் சுருங்கிப் போயிருந்தது. எதிரே ஒரு பெரிய நிழல். குளம்புச் சத்தம்.

“ஈரிக்கா. இருக்கியா?”

“இருக்கேன் போலிருக்கு.” பிறகு உடனே, “குட்டி எங்கேடி?”

மருளியின் குளம்பு பாறையில் உரசியது.

“சித்திரையில பிறந்துச்சு. மூச்சு இல்லை. நக்கினேன், நக்கினேன், நாக்கு வலிக்கற வரைக்கும் நக்கினேன். எழுந்திருக்கவே இல்லை.”

மழை பெய்துகொண்டே இருந்தது.

“எனக்கு மட்டும் இல்லைக்கா. அந்தக் கரையில மேய்ஞ்ச நாலு பேருக்கும் அப்படித்தான். தோகையன் வெயில்னு சொன்னார். தொங்கன் தலையெழுத்துன்னு சொன்னான். அதே வெயில்ல, அந்தக் கரைக்கே வராத மான்களுக்கெல்லாம் குட்டி துள்ளிக்கிட்டு இருக்கு! அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நான் உன்கிட்ட சத்தியம் பண்ணிட்டு, மறுநாளே தின்னேன். சபையில உன் முகத்துக்கு நேரா பொய் சொன்னேன்.”

ஈரி ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. பரவாயில்லாத விஷயம் அல்ல அது. அவள் கேட்டது வேறு.

“இப்ப எதுக்கு வந்தே?”

“மறுபடி வயித்துல இருக்குக்கா,” என்றாள் மருளி. “மறுபடி எதுவும் உள்ளே தங்கலை. நம்ம பழைய கீரை வேணும். எனக்கு இப்ப எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியலை. பயமா இருக்கு. சபையும் உன்னைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லிடுச்சு.”

“சபையா? அவங்களுக்கு எப்படி ஞானம் வந்துச்சு?”

“கொடி தட்டைக்கல் மேல ஏறிடுச்சு. தோகையன் ஆடும்போது காலில சிக்கி, எல்லாரும் பார்க்கக் குப்புற விழுந்தார்.”

கேட்டீர்களா! நாலு குட்டிகள் மூச்சில்லாமல் விழுந்தபோது அது சொந்தச் செடி. தலைவர் விழுந்த அன்றைக்குத்தான் அது வெளியூர்ச் செடி!

மருளி தலையைப் பாறையோடு வைத்துத் தாழ்த்தினாள். ஈரி அவள் நெற்றி வழியாக ஏறி இரண்டு காதுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டாள்.

குளம் வந்ததை ஈரி வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அன்று வாசனையே வேறு. கரையில் மண் வாடை இல்லை, கோரை வாடை இல்லை. எங்கும் அந்த ஒரே கொடியின் பச்சை நெடி. தண்ணீர் விளிம்பு வரைக்கும் பாய் விரித்தாற்போல் மூடிக் கிடந்தது.

சபை கூடியிருந்தது. தோகையன் கல்லின் மேல் ஒற்றைக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

“வாம்மா, வா,” என்றான், ஏதோ விருந்துக்கு வந்தவளைக் கூப்பிடுவதுபோல. “நம்ம கீரை எது, அது எதுன்னு பிரிச்சுக் காட்டு. மான்களுக்காகத்தான் கேக்கறோம்.”

“காட்டறேன். இலையைச் சபைக்குக் கொண்டுவாங்க.”

தொங்கன் வாயைத் திறந்தான். மருளி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அன்றுதான் முதல் முறையாக அந்தக் கல்லின் மேல் இலை வந்தது. மான்கள் கரையை நாலாகப் பிரித்துக்கொண்டு தேடின. குரங்குகள் கொடியை விலக்கி அடியில் துழாவின. கிடைத்த இலையையெல்லாம் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். யாரும் தின்னவில்லை. தின்ன யாருக்கும் தைரியம் இல்லை.

ஈரி முதல் இலையில் ஏறினாள். பாதி வழியில் விளிம்பு புடைத்தது.

“இது இல்லை.”

அடுத்தது. புடைத்தது.

“இல்லை.”

சபை நின்றுகொண்டே இருந்தது. அவள் வேகம் அவ்வளவுதான். முன்பு சிரித்தவர்கள் அன்று சிரிக்கவில்லை. காலையில் தொடங்கியவள் உச்சி தாண்டியும் நடந்துகொண்டிருந்தாள். இல்லை. இதுவும் இல்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. மருளி மட்டும் ஒவ்வோர் இலைக்கும் மூச்சைப் பிடித்து, பிடித்து, விட்டாள்.

மிஞ்சியது ஒரே ஓர் இலை. மேற்குக் கரையில் ஈரியின் பழைய இடத்துக்குப் பக்கத்தில் மருளியே தேடி எடுத்தது. மற்றவற்றைவிடச் சின்னது. ஒடுங்கியிருந்தது.

ஈரி காம்பில் ஏறினாள். விளிம்பு நேராகப் போயிற்று. கால்வாசி தாண்டினாள். நேர். பாதி வந்தாள். நேர்!

“அக்கா?” என்றாள் மருளி.

“இரு.”

பாதியையும் தாண்டினாள். அடியில் லேசாகச் சொரசொரப்பு இருப்பதுபோலக்கூடத் தோன்றியது. நுனிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்போது விளிம்பு மெல்ல, மிக மெல்ல, பக்கவாட்டில் புடைத்தது. கொஞ்சம் இளம் இலை. அதனால் முனை இன்னும் சரியாக வெளியே வரவில்லை. அவ்வளவுதான்.

ஈரி அங்கேயே நின்றாள்.

“நம்ம கீரை இந்தக் கரையில ஒண்ணுகூட இல்லைடி, மருளி,” என்றாள். “பக்கத்துக் காட்டுக்குக் கிளம்பு. தூரமா இருந்தாலும் போ. வழியில வயிறு எப்படிக் காய்ஞ்சாலும் இதை மட்டும் தின்னாதே.”

மருளி தலையாட்டினாள்.

தோகையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “பாவம், என்ன செய்யறது! காத்து எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டுடுச்சு…”

“காத்துக்கு நீலக் கழுத்தா?” என்று மரத்திலிருந்து கரியன் கேட்டான். “பங்களா வேலியோரம் கொத்திக்கிட்டு வந்துச்சே, அந்தக் காத்துதானே?”

சபை முழுவதும் தோகையன் பக்கம் திரும்பியது. அவனுக்குத் தோகை கூசியது. உடனே யாரையாவது குற்றம் சொல்லியாக வேண்டும். யார் மேல் சொல்வான்? எப்போதும்போல, எல்லாரையும்விடச் சின்னதாக இருந்தவள் மேல்தான்.

“நத்தை!” என்று அகவினான். “உனக்குத்தான் அன்னைக்கே எல்லாம் தெரிஞ்சிருந்துச்சே! இவ்வளவு பெரிய விஷயத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

ஈரி இரண்டு கண்காம்பையும் முழுசாக நீட்டி, அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்துச் சொன்னாள்:

“என் சத்தம் குறைஞ்சதால வந்த வினை இல்லை, தலைவரே, பூவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லி, இலையைப் பார்த்துட்டு வந்தவளைத் தூக்கி வெளியே போட்டா, தீர்ப்புச் சொன்னவர் கல்லு மேல ஆடிக்கிட்டே இருப்பார், அதை நம்பித் தின்னவளோட குட்டிதான் சாகும்!”